மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குலைகள்

எனக்கு ஜாம் பிடிக்காது. எங்கள் வீட்டில் யாருக்குமே பிடிக்காது. ஆனாலும் பதினெட்டு வருசமாக, ஒரு வருசமும் தவறாமல், ஒரு போத்தல் முந்திரிகை ஜாம் காய்ச்சி வந்திருக்கிறேன். திராட்சையை எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்றுதான் சொல்வோம். அந்த ஒரு போத்தலும் நான் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காகக் காய்ச்சியது.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. நாங்கள் பறங்கியர், போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழி வந்த கிறிஸ்தவர்கள். கணவருக்குத் தச்சு வேலை, எனக்குத் தையல். எங்களோடு பறங்கி வீடுகள் முடிந்து, பக்கத்து மதிலில் இருந்து முஸ்லிம் வீடுகள் தொடங்கும். அந்த முதல் வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை ராத்தா என்று கூப்பிடுவேன், முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி. அவர் என்னைப் புள்ள என்பார். எனக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகும் புள்ளதான்.

மதிலடியில் எங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிகைக் கொடி நிற்கிறது. அடி என் முழங்கை மொத்தம் இருக்கும். யார் கொண்டுவந்து நட்டது என்று கேட்டால் கணவரின் ஆட்களிடம் ஆளுக்கொரு கதை உண்டு. ஒருவர் கோயில் வளவில் இருந்து சுவாமியார் கொடுத்த தடி என்பார், இன்னொருவர் கப்பலில் வந்தது என்பார். ஒருமுறை விவசாயம் படித்த ஒருவர் எங்கள் மாமரத்தைப் பார்க்க வந்தவர், மாமரத்தை விட்டுவிட்டுக் கொடியின் இலையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது இப்போது யாழ்ப்பாணத்தில் தோட்டம் தோட்டமாக நடுகிற இனமில்லை, மிகப் பழைய இனம், இனிமேல் தேடினாலும் கிடைக்காது, கவனமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பழம் சின்னது, தோல் தடிப்பு, விதை பெரிது. வாயில் போட்டால் முதலில் புளிக்கும். கடைப் பழத்துக்குப் பழகியவர்கள் இரண்டாவது பழம் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அதில் போடும் வைன் இருக்கிறதே, அது வேறு. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே கிளாசைப் பிடித்தால் அந்தச் சிவப்பை நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வருகிறவர்கள் கேக்கைக் கடித்துவிட்டு, "எங்க உங்கட வைன்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். எனக்குப் பெரிய படிப்பில்லை, அழகும் அவ்வளவுதான், பாடவும் வராது. எங்கள் பறங்கி ஆட்களுக்குள் என் பெயர் எடுபட்டது அந்த வைனால்தான். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

கொடியின் வேர் எங்கள் பக்கம். வெயிலோ ராத்தாவின் பக்கம். எங்கள் மாமரத்து நிழல் பிடிக்காமல் கொடி மதிலேறி அங்கே பாய்ந்துவிட்டது. ராத்தா கோபிக்கவில்லை. இரும்புக் குழாய் வாங்கிப் பந்தல் போட்டார். மீன் கழுவின தண்ணீர் ஊற்றினார், மாரி மழை விட்டதும் தன் கையாலேயே கொப்பு வெட்டினார், வௌவாலுக்கு வலை கட்டினார். எங்கள் பக்கத்தில் பத்துக் குலை காய்த்தால் அங்கே நூறு காய்க்கும். பழுத்ததும் பேசின் பேசினாக மதிலுக்கு மேலால் நீட்டுவார். "கொடி உன்ட தானே புள்ள" என்பார். தனக்கென்று ஒரு கிண்ணம் மட்டும் எடுத்துவைப்பார்.

முதல் வருசம் பேசினை நீட்டும்போதே கேட்டார், "இவ்வளவு பழத்தையும் என்ன செய்யப் போறாய்?"

"ஜாம் காச்சப் போறன் ராத்தா."

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு காய்ச்சித்தானே ஆகவேண்டும்? இரண்டு கைப்பிடிப் பழத்தை ஒதுக்கிக் காய்ச்சி ஒரு போத்தலில் அடைத்து அவரிடம் கொடுத்தேன். அவரது பேரப்பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. அதிலிருந்து அது வருசா வருசம் நடக்கும் காரியமாகிவிட்டது. கணவர் என்னை ஜாம்காரி என்று பகிடி பண்ணுவார்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. முந்திரிகையின் தோலில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மா படிந்திருக்கும். வைனுக்கு அதைக் கழுவக் கூடாது, பழத்தைப் புளிக்க வைப்பதே அதுதான். ராத்தாவோ ஜாமுக்கு என்று நினைத்து ஒவ்வொரு குலையையும் மூன்று தண்ணீரில் கழுவி, துணியில் உலர்த்தி, பளபளவென்று தருவார். கழுவாமல் தாருங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? ஒவ்வொரு வருசமும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, கடையில் ஈஸ்ட் வாங்கிப் போட்டேன்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டு சொல்லலாம். ஆறு வருசத்துக்கு முன் மதிலடியில் நின்று அவர் ஒரு விசயம் சொன்னார். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. அவரது தம்பி மகன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவன், வேலையை விட்டுவிட்டானாம். சாராயப் போத்தல்களை மேசைக்குக் கொண்டுபோகச் சொன்னார்களாம். "குடிக்கிறவனுக்கு மட்டும்தான் பாவம் எண்டு நினைக்காத புள்ள. பழத்தைப் பிழியிறவன், தூக்கிக் குடுக்கிறவன் எல்லாருக்கும் அதில பங்கு இரிக்கி. தெரிஞ்சுகொண்டு எப்பிடிச் செய்யிற?" என்றார். சொல்லிவிட்டு அந்த வருசத்துப் பேசினை மதிலுக்கு மேலால் என் கையில் தந்தார்.

நான் வாங்கினேன். அந்த வருசமும் வாங்கினேன், அதற்கு அடுத்த வருசமும் வாங்கினேன். நத்தாருக்கு அவருக்கு அனுப்பும் கேக்கை மட்டும் தனிச் சட்டியில், ஒரு சொட்டு வைனும் படாமல் சுட்டேன். அதை நினைத்துப் பெருமைப்பட்டும் கொண்டேன். மனுசி எப்படியெல்லாம் தன்னை ஏமாற்றலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த வருசம் ராத்தாவுக்கும் அவரது கணவருக்கும் ஹஜ்ஜுப் பயணம் சரிவந்தது. எத்தனையோ வருசம் காத்திருந்தவர். செய்தி தெரிந்த அன்று மதிலால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என் அழுகையில் பாதி பயம். ஏனென்றால் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போகும் முன் வீடு வீடாகப் பயணம் சொல்ல வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்குப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்பார்கள், தங்களுக்குச் செய்யப்பட்டதைத் தாங்களும் பொருந்துவார்கள். யாருடைய கடப்பாடும் தலையில் இல்லாமல் அங்கே போய் நிற்கவேண்டும்.

பழம் பழுத்ததும் அந்த நேரத்தில்தான். பயண வேலைகளில் ராத்தாவுக்குக் கழுவ நேரமில்லை. மூன்று பேசின் பழத்தை மாவோடு அப்படியே தந்தார். "கழுவேல்ல புள்ள, குறை நினைக்காத" என்றார். நான் பழக்கதோசத்தில் ஈஸ்ட்டையும் போட்டுத் தொலைத்தேன்.

அவர் பயணம் சொல்ல வந்தது அதற்கு நாலாம் நாள் பின்னேரம். கணவர் பட்டறையில் இருந்தார், நான் தனியே. வைன் புளிக்கும் சாடி இருந்தது நடுவறைக்கு அடுத்த சின்ன அறையில், இடையில் ஒரு திரைச்சீலை மட்டும்தான். உள்ளே இருந்து பொளுக் பொளுக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ச் சாம்பிராணி போட்டேன். ராத்தா கதிரையில் இருந்து, புதுத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, மனப்பாடம் பண்ணி வந்த மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். தன் கோழி என் கீரைப் பாத்தியைக் கிண்டியது. ஒருமுறை என் மகளைப் பற்றி வேறொருத்தியிடம் கதைத்தது. வருசா வருசம் என் கொடியில் ஒரு கிண்ணம் பழம் எடுத்தது.

"இந்த முறை கழுவாமத் தந்ததுக்கும் பொருந்திக்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலைக்குக் கீழால் சிவப்பாக ஒரு கோடு வெளியே வந்தது. சாடி நுரைத்து வழிகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. மாவோடு வந்த பழம், அதற்கு மேல் ஈஸ்ட், பொங்காமல் என்ன செய்யும்? நான் காலால் மிதியடித் துணியை மெல்ல அந்தப் பக்கம் தள்ளினேன். துணி நனைந்து, கோடு மறுபக்கத்தால் வந்தது. ராத்தா குனிந்து பார்த்தார்.

"என்ன புள்ள அது?"

"ஜாமுக்குப் பிசைஞ்சு வெச்ச பழம் ராத்தா. பானை சரிஞ்சிட்டுது போல."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீயும் என்னவும் இரிந்தாச் சொல்லு புள்ள. நான் பொருந்திட்டுப் போறன்."

"ஒண்டும் இல்ல ராத்தா."

அவர் போன பிறகு நிலத்தைத் துடைத்தேன். சிமெந்துத் தரையில் கறை இறங்கிவிட்டது, இன்னும் இருக்கிறது. அடுத்த நாள் தைத்த சட்டை ஒன்றுக்கு இரண்டு கையும் இடக்கையாக வைத்துத் தைத்திருந்தேன். கணவரிடம் சொன்னதற்கு, "சந்தோசமாப் போற மனிசியை ஏன் குழப்புறாய்? போயிட்டு வரட்டும், பிறகு பாப்பம்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் விட்டால் அவர் கழுவின கையோடு நிற்பதாக நினைத்துக்கொண்டு அங்கே நிற்பார். அந்தக் கையில் என் பதினெட்டு வருச வைன் இருக்கும். சொன்னாலோ, காத்திருந்து கிடைத்த பயணத்தை நான் கெடுத்தவளாவேன். எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது.

புறப்படும் நாள் பத்து மணிபோல அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பெட்டி ஏற்றுகிற வான், வளவு நிறைய ஆட்கள். வெறுங்கையோடு போகக் கூசி, இந்த வருசத்து ஜாம் போத்தலைக் கையில் எடுத்திருந்தேன். புத்தி அவ்வளவுதான். ராத்தா அறையில் கடைசிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். போத்தலைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இதை அங்க கொண்டுபோறன் புள்ள. அந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துவராது எண்டு சொல்றாங்க. பாணோட பூசித் தின்னலாம்."

சொல்லிவிட்டுப் போத்தலை ஒரு வெள்ளை உடுப்புக்குள் சுற்றத் தொடங்கினார். எனக்குத் தாங்கவில்லை.

"ராத்தா, அதை வையுங்க. நான் காச்சிற ஜாம் இந்த ஒரு போத்தல்தான். மிச்சப் பழம் எல்லாத்திலயும் நான் வைன் போடுறன். முதல் வருசத்தில இருந்து."

சுற்றிய கை நின்றது. வெளியே யாரோ பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிட மகன்ட கதையை உனக்கு நான் சொன்னன்தானே?"

"ஓம்."

"அதுக்குப் பிறகுமா?"

"ஓம் ராத்தா. பொருந்திக்கங்க."

அவர் போத்தலை உடுப்பில் இருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். உடுப்பை உதறித் திரும்ப மடித்தார். அதற்குள் மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "உம்மா, நேரம் போகுது" என்றாள். "பொருந்திட்டன் புள்ள" என்றார் ராத்தா, என் முகத்தைப் பார்க்காமல், துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டே. வாசலில் எல்லாப் பெண்களையும் கட்டிப்பிடித்தார். எனக்கு விரல் நுனியைத் தந்தார்.

அந்த வார்த்தையை நான் எத்தனை தரம் கழற்றிப் பூட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பொருந்திட்டன் என்றார்தானே? சொன்னால் முடிந்ததுதானே? பிறகு ஏன் விரல் நுனி? சாடியில் இருந்ததை இருபத்தோராம் நாள் வடித்தேன். ஊற்றிவிடத்தான் நினைத்தேன், கை வரவில்லை. பதினொரு போத்தல் வந்தது. அவ்வளவு நல்ல நிறம் எந்த வருசமும் வந்ததில்லை, அதைக் கண்டு எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் கூச்சம். கச்சான் என்கிற மேல்காற்றில் அவர் பந்தலின் இலைகள் உதிர்ந்து எங்கள் கிணற்றுக்குள் விழுந்தன. தொலைக்காட்சியில் மக்காவின் வெயிலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எழும்பிப் போய்விடுவேன். ஒரு நாள் ராத்தாவின் மகள் மதிலால், "உம்மாவுக்குக் கடுங்காய்ச்சலாம் மாமி, எழும்ப ஏலாமக் கிடக்காவாம்" என்றாள். அன்று நான் தையல் மெசினில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்த நேரமே அதிகம். அவர் அங்கேயே கண்மூடிவிட்டால் அந்த அரைகுறை வார்த்தையோடு நான் மிச்ச நாளைக் கழிக்கவேண்டும். அவரது உயிரைவிட எனக்கு வரவேண்டிய பொருத்தத்தைப் பற்றித்தான் யோசிக்கிறேன் என்று கண்டு, என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் வந்து சேர்ந்தார். மெலிந்து, கறுத்து. ஒழுங்கை முழுவதும் போய்ப் பார்த்துப் பேரீச்சம்பழமும் மக்காவின் புனிதக் கிணற்று ஸம்ஸம் தண்ணீரும் வாங்கி வந்தது. நான் போகவில்லை. நாலு நாள் மதிலடியில் ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாம் நாள் காலை நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது, "புள்ள" என்றார்.

பந்தலுக்குக் கீழே ஒரு கையில் சின்னப் போத்தலோடு நின்றார்.

"போகேக்க உனக்குப் பொருந்திட்டன் எண்டு சொன்னன். அது பொய்."

நான் சவர்க்காரக் கையோடு நின்றேன்.

"ஹஜ்ஜில அறபா வெளியில நிண்டு எல்லாருக்கும் பேர் சொல்லி துஆ கேட்டன். மருமக்கள், சண்டை பிடிச்ச ஆக்கள், எல்லாருக்கும். உன்ட பேர் வந்துது. நாக்கு எழும்பேல்ல. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தன், ஏலாமப் போச்சி. அதுக்குப் பிறகுதான் காய்ச்சல் வந்த. அவ்வளவு தூரம் போய், உன்னைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்திரிக்கன்." மற்றக் கையால் பந்தல் குழாயைப் பிடித்துக்கொண்டார். "அண்டைக்கு ஆக்களுக்கு நடுவில அவசரத்தில கேட்டாய். நானும் அவசரத்தில சொல்லிட்டன். இப்பக் கேளு."

"பொருந்திக்கங்க ராத்தா."

"என்னத்துக்கு அந்தப் பொய்யைச் சொன்னாய்? அதைச் சொல்லு முதல்ல."

வாயில் ஒரு நல்ல பதில் வந்துவிட்டது. உண்மை தெரிந்தால் நீங்கள் மதிலடிக்கு வராமல் விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன் என்று. கேட்க எவ்வளவு அழகாக இருந்திருக்கும். முதல் வருசம் ஜாம் வந்த மாதிரியே வந்தது, அதனால்தான் அதை விழுங்கினேன்.

"பழத்துக்காகத்தான் ராத்தா. நீங்க தராம விட்டா வைன் இல்ல. என்ட வைனை எல்லாரும் புகழுவாங்க. எனக்கு வேற ஒண்டும் இல்ல."

அவர் மேலே பார்த்து, ஒரு காய்ந்த இலையைப் பிடுங்கிப் போட்டார்.

"இனி இந்தப் பக்கம் காய்க்கிறது அந்தப் பக்கம் வராது. மதரசாப் பிள்ளையளுக்குக் குடுப்பன். உன்ட பக்கத்தில காய்க்கிற பத்துக் குலையும் உன்ட பாடு, உன்ட ஆண்டவன்ட பாடு. எனக்கு ஜாமும் வேணா."

"ஓம் ராத்தா."

"இப்பப் பொருந்திட்டன்" என்றார். இந்த முறை என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு கையை நீட்டினார், எத்தனையோ பேசின்கள் வந்த அதே இடத்தால், மதிலுக்கு மேலால். ஸம்ஸம் போத்தல். இதை நான் குடிக்கலாமா, கூடாதா, எங்கே வைத்துக் குடிப்பது என்று தெரியாமல் சவர்க்காரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"குடி புள்ள. மிச்சம் வைக்காமக் குடி."

அவர் பார்த்துக்கொண்டு நிற்க, கிணற்றடியிலேயே நின்று முழுவதையும் குடித்தேன்.